மாதக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கு: ஏன் வருகிறது, என்ன செய்வது?

போன ஆனி மாதம் பெரியவர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். காரைக்குடியில் மருந்துக்கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கல்லாவுக்குக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்களைக் கண்டாலே விஷயம் பாதி புரிந்துவிடும்.

"தம்பி, வயித்தால போகுது. நிப்பாட்ட ஒரு மாத்திரை குடுங்க."

"எத்தனை நாளா ஐயா?"

"நாளா? அது பங்குனியில ஆரம்பிச்சது."

மூன்று மாதம்! அதற்குள் நாலு கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். போட்டால் இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் பழையபடி ஆரம்பித்துவிடும். எத்தனை நாளாகப் போகிறது என்று எந்தக் கடையிலும் கேட்கவில்லையாம், அவரும் சொல்லவில்லையாம். அன்றைக்கு நான் அவருக்கு நிறுத்துகிற மாத்திரை கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. அதனால் எது என்ன நோய் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. எந்தக் கட்டத்தில் கடையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும், போனால் அவர் என்ன கேட்பார், எதற்குக் கேட்பார் என்பது வரைக்கும் சொல்ல முடியும்.

நாள் கணக்கு

ஒரு நாளைக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ இளகலாகவோ தண்ணீராகவோ போனால் அதை வயிற்றுப்போக்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவரவர் வழக்கத்தைவிட அதிகமாகப் போனாலும் கணக்கில் சேரும். கெட்டியாக மூன்று தடவை போகிறவருக்கு நோய் எதுவும் இல்லை, அது அவர் உடம்பு வாகு.

இரண்டு வாரத்துக்குள் நின்றுவிடுவது திடீர் வயிற்றுப்போக்கு. கல்யாண வீட்டுச் சாப்பாடு, ஊர் மாறிக் குடித்த தண்ணீர், பிள்ளைகளுக்கு வரும் வைரஸ் கிருமி எல்லாம் இதில் அடங்கும். உடம்பே சமாளித்து வெளியேற்றிவிடும். அதுவரைக்கும் தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாலு வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட வயிற்றுப்போக்கு. இரண்டுக்கும் நாலுக்கும் இடைப்பட்டதை நீடித்த வயிற்றுப்போக்கு என்பார்கள்.

நாலு வாரம் என்று கோடு போட்டதற்குக் காரணம் உண்டு. சாதாரணக் கிருமிகள் பெரும்பாலும் அதற்குள் போய்விடும். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய ஆட்களின் பட்டியலே மாறிவிடுகிறது. கெட்டுப்போன சாம்பாரை மறந்துவிட்டு, குடல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் பல வீடுகளில் ஏமாந்துபோகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படுக்கையிலேயே இருக்கும் வயதான அப்பத்தாவுக்கு உண்மையில் மலச்சிக்கல் இருக்கும். உள்ளே கல்லாக இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வீட்டில் பேதி என்று நினைத்து நிறுத்துகிற மாத்திரை கொடுப்பார்கள், இறுக்கம் இன்னும் கூடும். மருத்துவர் விரலால் சோதித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது.

குடலின் தண்ணீர்க் கணக்கு

செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் மழை பெய்து பார்த்திருப்பீர்கள். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் வந்து விழும். அண்டாவில் பிடித்ததுபோக மிச்சம் ஓரத்துக் குழி வழியாக வெளியே போகும். நம் குடலுக்குள்ளும் தினமும் அப்படி ஒரு மழை கொட்டுகிறது. நாம் குடிப்பதும் சாப்பாட்டில் இருப்பதும் சேர்ந்து சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் சுரக்கும் நீர் என்று உடம்பு தானே ஊற்றுவது இன்னும் 7 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு 9 லிட்டர் உள்ளே இறங்குகிறது.

வெளியே போவது எவ்வளவு தெரியுமா? நூறிலிருந்து இருநூறு மில்லி, ஒரு காப்பி டம்ளர் அளவு. மீதி முழுவதையும் குடல் உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெரும்பகுதி சிறுகுடலின் வேலை. அது முடித்துவிட்டு ஒன்று, ஒன்றரை லிட்டரைப் பெருங்குடலுக்கு அனுப்பும், கடைசிப் பிழிசல் அங்கே நடக்கும். 9 லிட்டரில் கூடுதலாக நூற்றுக்கு இரண்டு பங்கு உறிஞ்சாமல் விட்டாலே வெளியேறும் தண்ணீர் இரண்டு மடங்காகிவிடும். குடலில் பெரிய சேதம் எதுவும் இல்லாமலேயே ஒருத்தருக்கு நாளெல்லாம் போவது இப்படித்தான்.

இந்தக் கணக்கு கெடுவதற்குச் சில வழிகள் உண்டு. உடம்பு உறிஞ்ச முடியாத ஒரு பொருள் குடலில் தங்கி, தன் பக்கம் தண்ணீரை இழுப்பது ஒன்று. ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடி முழுக்கத் தண்ணீர் விட்டிருக்குமே, அந்த மாதிரி. குடல் சுவரே வேண்டாத நேரத்தில் நீரைச் சுரந்துகொண்டே இருப்பது இன்னொன்று. குடலில் புண்ணோ அழற்சியோ வந்து சீழும் ரத்தமும் கசிவது மூன்றாவது. கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுவது நாலாவது. அப்புறம் வேகம். எல்லாம் சரியாக இருந்தாலும் குடல் அவசரமாகத் தள்ளிவிட்டால் உறிஞ்ச நேரம் கிடைக்காது.

வீட்டிலேயே கவனித்துச் சொல்லக்கூடிய ஒரு துப்பு இதில் இருக்கிறது. சாப்பிடாமல் விரதம் இருக்கும் நாளில் நின்றுவிடுகிறதா? அப்படியானால் சாப்பிடும் ஏதோ ஒன்று தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கலாம். பட்டினி கிடந்தாலும் போகிறதா, நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? அப்படியானால் விஷயம் வேறு, தள்ளிப்போடக் கூடாது. மருத்துவர் "ராத்திரி எழுந்திருக்கிறீங்களா?" என்று கேட்பது சும்மா பேச்சுக்கு இல்லை.

மஞ்சப்பையில் இருக்கும் காரணம்

பெரியவரிடம் நான் அடுத்துக் கேட்டது, தினமும் என்னென்ன மாத்திரை போடுகிறார் என்பது. மஞ்சப்பையைக் கல்லா மேல் கவிழ்த்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். கூடவே சாப்பாட்டுக்கு முன் போடும் வோக்லிபோஸ். நெஞ்செரிச்சலுக்குக் காலையில் ஒன்று, அது போதாதென்று மத்தியானம் ஒரு மூடி வெள்ளை மருந்து. மலம் இளகிப் போக யாரோ சொன்ன நிலாவாரைச் சூரணம் ஒரு டப்பா.

"இதை எதுக்கு ஐயா சாப்பிடுறீங்க?"

"வயிறு சுத்தமாகட்டும்னுதான்."

அந்தப் பையில் ஐந்து மருந்து இருந்தது, ஐந்துமே வயிற்றைக் கிளறக்கூடியவை. மெட்ஃபார்மின் அருமையான மருந்து, விலையும் குறைவு. ஆனால் கணிசமான பேருக்கு வயிற்றுப்போக்கு வரும். புதிதாக ஆரம்பிக்கும்போது வந்து அடங்கிவிடுவது வழக்கம். சிலருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஆரம்பிக்கும். "இத்தனை வருசமாப் போடுறேன், அதனாலயா வரும்?" என்று அவர்கள் நம்பவே மாட்டார்கள். வோக்லிபோஸ், மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் மருந்து. செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் வாயுவும் இளகலுமாகும். நெஞ்செரிச்சலுக்கான வெள்ளைத் திரவங்கள் பலவற்றில் மெக்னீசியம் இருக்கிறது. அதே மெக்னீசியத்தைத்தான் பேதி மருந்திலும் பயன்படுத்துகிறார்கள். காலையில் போடும் அமிலக் குறைப்பு மாத்திரையும் வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு இந்தத் தொல்லை தரும். நிலாவாரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது பேதிக்கென்றே உள்ள இலை.

இன்னும் சில உண்டு. மூட்டுவாத கவுட் வலிக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை, சர்க்கரை இல்லாத மிட்டாயிலும் சூயிங்கத்திலும் இருக்கும் சார்பிட்டால் எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த சில வாரங்களுக்குள் ஆரம்பிக்கும் வயிற்றுப்போக்கை மட்டும் தனியாக வைத்துப் பாருங்கள். நல்ல கிருமிகள் அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற ஒன்று வளர்ந்திருக்கலாம். அதற்குத் தனிச் சோதனை, தனி மருந்து.

இதைப் படித்துவிட்டு யாரும் சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். மெல்லக் கரையும் வகைக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து கொடுக்கலாம். அதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். நிலாவாரை டப்பாவை மட்டும் அன்றைக்கே ஓரமாக வைக்கச் சொன்னேன்.

பால்

குழந்தையாக இருக்கும்போது பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி நிறையச் சுரக்கும். வளர வளர நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலோருக்கு அது குறைந்துவிடுகிறது. செரிக்காத பால் சர்க்கரை, மாங்காயில் போட்ட உப்பு மாதிரி தண்ணீரை இழுக்கும். பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைப்பதால் வயிறு உப்பும், கடமுடா என்று சத்தம் போடும்.

இதில் அளவுதான் முக்கியம். நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் பால் வரை தாங்குவார்கள். ஆனால் நம் ஊரில் எந்த வீட்டு முகப்பில் உட்கார்ந்தாலும் ஆச்சி காப்பி கொண்டுவந்து வைக்காமல் விடமாட்டார். காலையில் இரண்டு, பத்து மணிக்கு ஒன்று, போகிற வீட்டில் ஒன்று, சாயங்காலம் இரண்டு, படுக்கும்போது மாத்திரைக்கு ஒரு டம்ளர் பால். கூட்டிப் பாருங்கள்.

சோதனை சுலபம். இரண்டு வாரம் பாலையும் பால்கோவா மாதிரியான பால் இனிப்புகளையும் நிறுத்துங்கள். வரக்காப்பி குடியுங்கள். வித்தியாசம் தெரிந்தால், திரும்ப ஆரம்பித்து மறுபடி வருகிறதா என்றும் பாருங்கள். தயிரையும் மோரையும் நிறுத்த வேண்டியதில்லை. உறையும்போது பால் சர்க்கரையில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, மிச்சத்தைச் செரிக்கத் தயிர்க் கிருமியே உதவுகிறது. தேங்காய்ப்பாலில் பால் சர்க்கரை கிடையாது. அதனால் பால் பணியாரத்துக்குப் பயப்பட வேண்டாம், தேங்காய்ப்பாலோடு பசும்பாலும் கலந்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரத்தைப் பற்றியும் கேட்பார்கள். "செட்டிநாடு" என்று போர்டு மாட்டிய வெளியூர் ஓட்டல்களில் கொட்டும் மிளகாய்த்தூளை வைத்து எங்கள் சமையலை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் வைக்கும் மண்டியும் திரக்கலும் அவ்வளவு காரம் கிடையாது. மிளகாய் எரிச்சலையும் அவசரத்தையும் கூட்டும், அதுவும் ஏற்கெனவே குடல் கூச்சமாக இருப்பவருக்கு. மூன்று மாதமாகப் போவதற்கு மிளகாயை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

எல்லாச் சோதனையும் சரியாக இருந்தால்

இளவட்டங்களுக்கு அதிகம் வருவது எரிச்சலுறு குடல். மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்பார்கள். என் கடைக்கு அடிக்கடி வரும் பையன் ஒருவன் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனான். வழியில் எங்கேயோ சாப்பிட்டதில் காய்ச்சலும் பேதியும். ஐந்து நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் வயிறு பழைய வயிறாக இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் நாலு தடவை, போவதற்கு முன் அடிவயிற்றில் முறுக்கு, போனதும் நிம்மதி, மறுபடி பஸ் ஏறும்போது ஒன்று. ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறான், எடையும் குறையவில்லை.

குடலில் கிருமி தாக்கிப் போன பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகலாம். கிருமி போய்விட்டாலும் குடலின் நரம்புகள் கூச்சம் தணியாமலே இருக்கின்றன. ஸ்கேன், ரத்தம், மலம் எல்லாம் சரி என்று வரும். "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, ஆனா போகுதே" என்று நொந்துகொள்வான். ஒன்றுமில்லை என்றால் குடலில் புண் இல்லை, கட்டி இல்லை என்று அர்த்தம். தொல்லை பொய் என்று அர்த்தம் இல்லை. வீட்டில் "மனசுதான் காரணம்" என்று சொல்லி அவன் வாயை அடைப்பதும் சரியில்லை. மூளைக்கும் குடலுக்கும் போக்குவரத்து உண்டு. பரீட்சைக்கு முன்னால் யாருக்குத்தான் வயிறு கலக்கவில்லை?

இதற்கு ஒரே மாத்திரை என்று கிடையாது. எது கிளப்புகிறது என்று நோட்டில் எழுதிப் பார்ப்பார்கள். வெங்காயம், பூண்டு, பயறு, பால், சில பழங்களில் இருக்கும் புளிக்கக்கூடிய சர்க்கரைகளை நாலு முதல் ஆறு வாரம் குறைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது ஒரு முறை. உணவியல் நிபுணர் துணையோடு செய்வது நல்லது. இல்லையென்றால் ஆயுசுக்கும் ரசம் சாதமே கதி என்று ஆகிவிடும். இசப்கோல் உமியை மலச்சிக்கல் மருந்து என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அது தண்ணீரைப் பிடித்துவைத்துக் கூழாகும் பொருள் என்பதால் இளகலையும் கொஞ்சம் கெட்டிப்படுத்தும். பயணத்துக்கு முன் போக்கை நிறுத்தும் லோப்பெரமைடு, சிலருக்கு ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக், சிலருக்கு மிகக் குறைந்த அளவில் குடல் நரம்பைத் தணிக்கும் அமிட்ரிப்டிலின் என்று மருத்துவர் தேர்ந்தெடுப்பார். கடைசியாகச் சொன்னதைப் பார்த்துவிட்டு "மனநோய் மாத்திரை கொடுத்துட்டாரு" என்று என்னிடம் திருப்பிக் கொடுக்க வருவார்கள். அந்த அளவில் அது வேலை செய்வது குடலில்.

கிருமி, பூச்சி, காசநோய்

நாலு வாரத்துக்கு மேலும் குடியிருக்கும் கிருமிகளும் உண்டு. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி தண்ணீர் வழியாக வரும். நாற்றமெடுக்கும் ஏப்பம், வயிறு உப்புசம், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம் ஆகியவை அதன் அடையாளம். அதன் முட்டை போன்ற உறை, தண்ணீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினுக்கு அவ்வளவு எளிதாகச் சாகாது. கொதிக்க வைத்தால் சாகும். கேன் தண்ணீர் வாங்கினால் எல்லாம் சரி என்று இருந்துவிடுகிறோம், அந்தக் கேனின் வாயை யார் எப்போது கழுவினார்கள் என்று கேட்பதில்லை. அமீபா வந்தால் சளியும் ரத்தமும் கலந்து சீதபேதியாகப் போகும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களுக்குத் தோல் வழியாக ஏறும் பூச்சிகளும் இருக்கின்றன. மலச் சோதனையில் ஒரு தடவை ஒன்றுமில்லை என்று வந்தால் நம்பிவிட முடியாது. ஒட்டுண்ணி தினமும் வெளியே வராது. அதனால்தான் வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கேட்கிறார்கள்.

நம் நாட்டில் மறக்கக் கூடாதது குடல் காசநோய். காசநோய் என்றால் இருமல் என்றே மனதில் பதிந்திருக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம், அதாவது வலது அடிவயிறு, அதற்குப் பிடித்தமான இடம். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, விட்டுவிட்டு வலி, அதோடு வயிற்றுப்போக்கு என்று இருந்தால் மருத்துவர் இதைத் தேடுவார். பொதுவாக ஆறு மாத மருந்தில் குணமாகும், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். க்ரோன் என்ற குடல் அழற்சி நோயும் ஏறக்குறைய இதே வேஷத்தில் வரும். இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள நிபுணருக்கே சவால். க்ரோனின் பங்காளியான பெருங்குடல் புண் நோயில் ரத்தம்தான் முதலில் கண்ணில் படும். மூலம் என்று நினைத்துக் களிம்பு வாங்கிக்கொண்டே காலத்தை ஓட்டுவார்கள். எச்.ஐ.வி. சோதனை எழுதினால் கோபப்பட வேண்டாம். நீண்ட வயிற்றுப்போக்குக்கு அதையும் பார்ப்பது வழக்கம்.

தெற்கத்திக்காரர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு பழைய நோயும் உண்டு, வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று பெயர். 1960-களில் தென்னிந்தியக் கிராமங்களில் இது கொள்ளைநோய் மாதிரியே பரவியிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். சிறுகுடலின் உறிஞ்சும் மொட்டுகள் தேய்ந்துபோய், ஃபோலிக் அமிலமும் பி12-ம் உடம்பில் சேராமல், நாக்கு சிவந்து புண்ணாகி, ரத்தசோகையாகி ஆள் எலும்பும் தோலுமாவார். டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் சில மாதம் கொடுத்தால் தேறிவிடுவார்கள். இப்போது அரிதாகிவிட்டது, ஆனாலும் மருத்துவர்கள் மனதின் ஓரத்தில் வைத்திருப்பார்கள்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் வட இந்தியாவில் பார்க்கும் அளவுக்கு இங்கே இல்லை. சந்தேகம் இருந்தால் சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன்பே ரத்தச் சோதனை செய்யுங்கள், நிறுத்திவிட்டுச் செய்தால் பொய்யாகச் சரி என்று காட்டும். கணையம் பழுதானால் கொழுப்பு செரிக்காது. மலம் வெளுத்து, பசை மாதிரி ஒட்டி, தண்ணீர் ஊற்றினாலும் போகாது, எண்ணெய் மிதக்கும். குடிப்பவர்களுக்கு அதிகம் என்றாலும், குடிக்காத இளவயதுக்காரர்களுக்கும் தென்னிந்தியாவில் வருகிறது. கணைய நொதி மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்கவேண்டும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் காசுக்குக் கேடு. பித்தப்பையை எடுத்த பிறகு ஆரம்பித்தால் பித்த அமிலம் பெருங்குடலைக் கிளறுவது காரணமாக இருக்கலாம், அதைக் கட்டிப்போட கொலஸ்டிரமின் என்று ஒரு பொடி உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் போகும், கூடவே படபடப்பும் எடை குறைவும் இருக்கும். சர்க்கரை நோய் பல வருடமாகி நரம்பு கெட்டவர்களுக்கு ராத்திரியில் போகும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

மலத்தில் ரத்தம் வந்தாலோ, தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைந்தாலோ, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ, தூக்கத்தில் எழுப்பினாலோ, வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ, ரத்தசோகை என்று சொல்லியிருந்தாலோ நாலு வாரம் ஆகட்டும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 45 வயதுக்கு மேல் திடீரென்று மலம் போகும் வழக்கமே மாறினாலும், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தாலும் அப்படித்தான். இவர்களுக்குப் பெரும்பாலும் கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை எழுதுவார்கள். அதற்குக் குழாயைவிட முந்தைய நாள் ராத்திரி குடிக்கச் சொல்லும் மருந்துத் தண்ணீர்தான் பெரிய பாடு. பேதிக்கு மருந்து கேட்டுப் போனவருக்குப் பேதி மருந்து கொடுக்கிறார்களே என்று ஒரு ஆச்சி சண்டைக்கே வந்துவிட்டார். குடல் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே தெரியும். பார்வைக்குச் சரியாக இருந்தாலும் சதைத் துணுக்கு எடுப்பார்கள். ஏனென்றால் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ஒரு வகை அழற்சி உண்டு, நடுவயது தாண்டிய பெண்களுக்கு அதிகம். நம் ஆச்சிக்குக் கடைசியில் அதுதான் என்று வந்தது.

எல்லோருக்கும் உடனே குழாய் கிடையாது. ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, மலச் சோதனை என்று ஆரம்பிப்பார்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளந்து, குடலில் அழற்சி உண்டா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது.

அதுவரைக்கும் வீட்டில்

காரணம் தெரியும்வரை உடம்பு வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த மேற்கு வங்காளத்துப் பன்காவ் முகாமில் காலரா வந்தபோது, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோய், திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு நாலு சதவீதத்துக்குக் கீழே வந்தது. சர்க்கரை குடல் சுவருக்குள் நுழையும்போது உப்பையும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும், உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் சூட்சுமம் அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடிப்பவர்கள் வாரம் ஒருத்தராவது வருகிறார்கள். அடர்த்தி கூடினால் அதுவே தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும், குழந்தைக்கு ஆபத்தாகவும் முடியும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் இதற்குப் பதில் ஆகாது. அவசரத்துக்குக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடலாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான். சிறுநீரகமோ இதயமோ சரியில்லாதவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

லோப்பெரமைடு குடலின் வேகத்தைக் குறைக்கும், காரணத்தைத் தொடாது. ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது போட்டால் கிருமியை உள்ளே அடைத்து வைத்ததுபோல் ஆகும். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. குழந்தைக்கு 14 நாள் தாண்டினாலே மருத்துவரிடம் போய்விடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள், துத்தநாக மாத்திரை 14 நாளும் கொடுங்கள். ஓமத் தண்ணீர், மாதுளை ஓடு, கறிவேப்பிலை போட்ட மோர் எல்லாம் இரண்டு நாள் பேதிக்குச் சரி. ஜாதிக்காயை மட்டும் இஷ்டத்துக்கு உரைத்துக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் அது நஞ்சு.

பெரியவரிடம் ஒரு நோட்டு வாங்கித் தினமும் எழுதச் சொல்லி அனுப்பினேன். எத்தனை தடவை, எப்படி, என்ன சாப்பிட்டது, எந்த மாத்திரை. அவர் நோட்டு வாங்கவில்லை. தினம் கிழிக்கும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு, இருபது தாளை ரப்பர் பேண்டில் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கிறார். ஐந்து கோடு, ஆறு கோடு, ஐந்து கோடு. ஒரே ஒரு தாளில் மட்டும் ஒரு கோடு. திருப்பிப் பார்த்தால் கிருத்திகை. அன்றைக்கு விரதம், சாப்பாடும் இல்லை, மாத்திரையும் போடவில்லை, பால் மட்டும் இரண்டு டம்ளர். பால் குடித்தும் போகவில்லை என்பதால் பால் மேல் இருந்த சந்தேகம் குறைந்தது. சாப்பாடா மாத்திரையா என்பது அந்தத் தாளில் தெரியாது, அதனால் ரத்தத்துக்கும் மலத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, முதலில் மாத்திரையை மாற்றிப் பார்ப்போம் என்று மருத்துவர் மெல்லக் கரையும் மெட்ஃபார்மினுக்கு மாற்றி, வோக்லிபோஸை எடுத்துவிட்டார். சோதனைகள் சரியாக இருந்தன. ஆடி கடைசியில் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தபோது இரண்டு கோடு என்றார். பங்குனிக்கு முன்னாலும் அவருக்கு இரண்டுதானாம்.